டிராப்டவுனில் இல்லாத காரணம்

எங்கள் மேசையில் டிரைவர்களுக்குப் பெயர் கிடையாது. வண்டி நம்பரின் கடைசி நாலு எண்தான் பெயர். "நாப்பத்திரெண்டு பதினாறு எங்கப்பா?" என்று கேட்டால், "மாரத்தஹள்ளி பாலம் தாண்டிட்டாரு" என்று பதில் வரும். அவருக்கு மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் எல்லாம் உண்டு என்பது அவர் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் இரண்டு வருடம் கிட்டத்தட்ட தினமும் அவரோடு போனில் பேசியிருக்கிறேன்.

2014-லிருந்து 2018 வரை பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில், பெல்லந்தூர் பக்கம் ஒரு கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில், ஊழியர்களை வீட்டிலிருந்து ஏற்றி இறக்கும் வண்டிகளைக் கவனிக்கும் மேசையில், இருந்தேன். ரோஸ்டர் போடுவது என் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு அடுத்த நாளின் லாகின், லாகவுட் பட்டியல், அதாவது யாருக்கு எப்போது வேலை தொடங்கி எப்போது முடிகிறது என்பது, வந்து விழும். யார் யாரை எந்த வண்டியில் போடுவது, யாரை முதலில் ஏற்றுவது, எந்தப் பெண் ஊழியர் கடைசியாக இறங்குகிறார், அந்த வண்டியில் கூடப் போக எஸ்கார்ட் காவலாளி உண்டா என்று எட்டு மணிக்குள் முடித்து, வண்டி ஒப்பந்தக்காரரான வெண்டருக்கு அனுப்ப வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் பேர், நூறு வண்டிக்கு மேல். சுடோகு போடுவது மாதிரிதான். நான் அதில் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியிருந்தேன்.

கெட்டிக்காரத்தனம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது. ஆளை இறக்கிவிட்டு வண்டி காலியாக ஓடும் தூரத்துக்கு டெட் கிலோமீட்டர் என்று பெயர். அதைக் குறைக்கக் குறைக்க மாதாந்திரக் கூட்டத்தில் மரியாதை. ராத்திரி மூன்று மணிக்கு ஒரு வண்டி பொம்மனஹள்ளியில் கடைசி ஆளை இறக்குகிறது. ஐந்து மணிக்கு எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து காலை ஷிஃப்டுக்கு ஆட்களை ஏற்ற வேண்டும். அதற்கு ஹெப்பாளிலிருந்து ஒரு வண்டியை ஏன் வரவழைக்க வேண்டும்? பொம்மனஹள்ளியில் நிற்பதையே போட்டுவிட்டால் போச்சு. பேக் டு பேக் என்போம். திரையில் அந்த வண்டியின் கோடு இடைவெளி இல்லாமல் நீண்டு போகும். பார்க்கவே அழகாக இருக்கும். வண்டிக்கு ஏது தூக்கம்?

2016 ஜூலை. மழைக்காலம். ஒரு வியாழக்கிழமை விடியற்காலை நான் நைட் டூட்டியில் இருந்தேன். 4216-க்கு 4:50-க்கு எலக்ட்ரானிக் சிட்டி இரண்டாம் கட்டத்தில் முதல் பிக்கப். 4:20 ஆகியும் திரையில் வண்டி ஹொங்கசந்திராவிலேயே நிற்கிறது. கூப்பிட்டேன். ஏழெட்டு ரிங் போய், கட்டாகப்போகிற நேரத்தில் எடுத்தார்.

"அண்ணே, கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பிட்டேன் தம்பி."

தூங்கி எழுந்தவன் குரலை யாரும் மறைக்க முடியாது. நாக்கு முழித்துக்கொண்டாலும் தொண்டை முழிக்காது. எனக்குத் தெரிந்தது, அவர் இன்னும் சீட்டைச் சாய்த்துக்கொண்டுதான் கிடக்கிறார் என்று. "சீக்கிரம்ணே, லேட்டானா பெனால்டி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த வாக்கியத்தை இன்றைக்குக்கூட அதே வேகத்தில் சொல்ல முடியும். அத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

மேம்பாலத்தில் போனால் எலக்ட்ரானிக் சிட்டி பத்து நிமிடம். ஆனால் அதற்கு டோல் உண்டு. காலி வண்டிக்குக் கம்பெனி டோல் கொடுக்காது. அதனால் கீழே ஓசூர் ரோட்டிலேயே போயிருக்கிறார். சிங்கசந்திராவுக்குக் கொஞ்சம் முன்னால், மேம்பாலத் தூண்களைச் சுற்றிக் கட்டியிருக்கும் கான்கிரீட் மேடையில் ஏறி, தூணில் போய் நின்றது வண்டி. காலர் எலும்பும் இரண்டு விலா எலும்பும் போயின. உயிர் பிழைத்தார். காலையில் வெண்டரின் சூப்பர்வைசரோடு நானும் போனேன். ரோடு ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் வழுக்கிய தடம்கூட இல்லை. டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் டயர்ப் பக்கம் குனிந்து பார்த்துவிட்டு, "பிரேக்கே ஹாக்கில்லா" என்றார். பிரேக்கே போடவில்லை.

தூக்கத்தில் நடக்கும் விபத்தின் கையெழுத்து அதுதான். வேகமாக வந்து இடிப்பவன்கூடக் கடைசி நொடியில் பிரேக்கை மிதிப்பான், ஸ்டியரிங்கை ஒடிப்பான். கண் சொக்கியவன் எதுவும் செய்வதில்லை. கண் திறந்திருக்கும்போதே மூளை சில நொடி அணைந்துபோகும். அறுபதில் போகிற வண்டி நொடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் கடக்கிறது. நாலு நொடி என்றால் அறுபத்தாறு மீட்டருக்கு மேல் ஓட்டுபவரே இல்லாமல் ஓடியிருக்கிறது.

அப்புறம் நான் என் வேலையைச் செய்தேன். மாற்று வண்டி 22 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. தாமதத்துக்குக் காரணம் சாஃப்ட்வேரில் பதிய வேண்டும். திரையில் விரியும் டிராப்டவுன் பட்டியலில் ஐந்தே ஐந்து: பிரேக்டவுன், பஞ்சர், டிராஃபிக், டிரைவர் லேட், ஊழியர் வரவில்லை. நான் பிரேக்டவுனைத் தேர்ந்தேன். ஒரு விதத்தில் பொய்யும் இல்லை. ஏதோ ஒன்று பிரேக்டவுன் ஆகித்தான் இருந்தது. வண்டியில் ஊழியர் யாரும் இல்லாததால் அந்த மாத அறிக்கையில் விபத்துகள் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டார்கள்.

மறுவாரம் அவருடைய டிரிப் ஷீட்களை எடுத்து அடுக்கிப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். புதன்கிழமை மதியம் 2:40-க்கு முதல் பிக்கப். 4:30 லாகின் முடித்தார். ராத்திரி 10:30-க்கு ஒரு டிராப், 1:30-க்கு ஒரு டிராப். கடைசி ஆள் இறங்கியது 3:05. நடுவில் ஐந்து மணியிலிருந்து பத்து மணி வரை என் தாளில் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில் ஓய்வெடுத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் கேட்டபோது சொன்னார்: "ஏர்போர்ட் ஒண்ணு அடிச்சேன் தம்பி. வேற வெண்டர். தேவனஹள்ளி போய் வர நாலு மணி நேரம் ஆயிருச்சு, ஹெப்பாள்ல ஜாம்." அன்று காலை பத்து மணிக்கு எழுந்திருக்கிறார். அதற்கு முந்தைய ராத்திரி டூட்டி முடித்துப் படுத்ததே ஏழு மணிக்கு. ஆக, மூன்று மணி நேரத் தூக்கம், அப்புறம் ஹொங்கசந்திராவில் காருக்குள் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஒரு கண்ணயர்வு, மிச்சமெல்லாம் விழிப்பு. பத்தொன்பது மணி நேரம் ஆகப்போகும் நேரத்தில் தூணில் இடித்திருக்கிறார்.

1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர், டாசன், ரீட் என்று பெயர், ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களை ஒருநாள் தூங்கவிடாமல் வைத்துக் கைக்கும் கண்ணுக்குமான ஒருங்கிணைப்பைச் சோதித்தார்கள், இன்னொரு நாள் மது கொடுத்து அதே சோதனை. பதினேழு மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமமாக இருந்தது. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03. அன்று 4216 ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அவரை ஊதச் சொல்லியிருந்தால் கருவி பூஜ்யம் காட்டியிருக்கும். தூக்கத்தை ஊதிக் கண்டுபிடிக்க முடியாது. அதனாலேயே அது எந்தக் காகிதத்திலும் ஏறுவதில்லை.

இதைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால், என் டிராப்டவுன் மாதிரியே நாட்டுக்கும் ஒரு டிராப்டவுன் இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விதிமீறல் வாரியாகப் பிரித்த பட்டியலில் அதிவேகம், குடிபோதை, எதிர்த்திசையில் ஓட்டியது, சிவப்பு விளக்கைத் தாண்டியது, செல்போன், மற்றவை என்று வரும். பத்தில் ஏழு சாவுக்கு அதிவேகம்தான் காரணமாகப் போடப்பட்டிருக்கிறது. அயர்ச்சிக்கு அதில் தனிக் கட்டம் கிடையாது. வேகமாக வந்தவர்கள் எல்லாரும் வேகப் பைத்தியங்களா, அவர்களில் எத்தனை பேர் சீக்கிரம் போய்ப் படுக்கலாம் என்று மிதித்தவர்கள், எத்தனை பேர் ஆக்சிலரேட்டரில் கால் இருந்தபடியே தூங்கிப்போனவர்கள்? அந்தப் படிவத்தில் கேட்க இடமில்லை. ஸ்டேஷனில் எழுதும் வாசகமும் ஒன்றுதான்: அஜாக்கிரதையாகவும் அதிவேகமாகவும் ஓட்டி. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏ. 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 281, 106. பிரிவு எண் மாறியிருக்கிறது, உயிர் போனால் தண்டனை இரண்டு வருடத்திலிருந்து ஐந்து வருடம் வரை ஏறியிருக்கிறது. ஓட்டியவன் என்ற ஒருமை மட்டும் மாறவில்லை. ஓட்டச் சொன்னவர்கள் அந்த வாக்கியத்துக்குள் வருவதே இல்லை.

பெங்களூரில் கேப் பாதுகாப்பு என்ற பேச்சு தொடங்கியதற்கு ஒரு தேதி உண்டு. 2005 டிசம்பர். ராத்திரி ஷிஃப்டுக்குப் போகக் காத்திருந்த கால் சென்டர் பெண் ஊழியர் ஒருவரை, பிக்கப்புக்கு வந்த டிரைவர் கடத்திக் கொன்றான். ஊரே நடுங்கியது. அந்த நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் மீதே கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டப்படி வழக்குப் போட்டார்கள். அதை ரத்து செய்யச் சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2008-ல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. வண்டி வெண்டருடையது, ஆள் வெண்டருடையவன் என்று கைகழுவ முடியாது என்பது அன்று இந்த ஊர் எச்.ஆர். துறைகளுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு வந்தவைதான் எஸ்கார்ட், ஜி.பி.எஸ்., போலீஸ் சரிபார்ப்பு, பானிக் பட்டன், வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தாரா என்று போன் செய்வது எல்லாம். தேவையான காரியங்கள். நானே அவற்றைச் செய்திருக்கிறேன், இன்றும் ஒன்றைக்கூட எடுக்கச் சொல்லமாட்டேன்.

ஆனால் அவை அத்தனையும் டிரைவரைச் சந்தேகத்துக்குரிய ஆளாகப் பார்க்கின்றன. அவன் என்ன செய்துவிடுவானோ என்ற கண். அவனுக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்ற கண் ஒன்றுகூட இல்லை. கைரேகை, முகவரி, குற்றப் பின்னணி எல்லாம் எங்கள் பீரோவில் ஃபைல் போட்டு வைத்திருந்தோம். நேற்று எத்தனை மணிக்கு இறங்கினான் என்பது அந்த ஃபைலில் இல்லை.

இதெல்லாம் என் மாமாவிடம் பேசியபோதுதான் எனக்கே பிடிபட்டது. ஸ்ரீராம்புரத்தில் வளர்ந்தவர், பி.எம்.டி.சி.யில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகு கேட்டார், "ரோஸ்டர் போடறியே, ஒரு ஆளுக்கு எத்தனை மணி நேரம் போடுவ?"

"ஆளுக்கு இல்ல மாமா, வண்டிக்குத்தான் போடுவோம்."

"வண்டியா வந்து ஸ்டியரிங் பிடிக்குது?"

அவர் விரல்விட்டுச் சொன்னார். எட்டு மணி நேரம் டூட்டி. ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் இறங்கி உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி விட்டுப் பிரித்துப் போட்டாலும் மொத்தம் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், ஸ்ப்ரெட் ஓவர் என்பார்கள். இன்றைக்கு இறங்கினால் நாளைக்கு ஏற ஒன்பது மணி நேரம் விட வேண்டும். வாரத்தில் ஒருநாள் விடுப்பு. டெப்போவிலும் இது எப்போதும் நடக்கும் என்று நினைக்க வேண்டாம், அதற்கு அவரிடம் தனியாக ஒரு மணி நேரப் புலம்பல் உண்டு. ஆனால் சண்டை போட ஒரு எண் இருந்தது. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-வது பிரிவும் டிரைவரின் வேலை நேரத்துக்கு அந்தச் சட்டத்தையே கைகாட்டுகிறது. இப்போது அந்த 1961 சட்டம், 2020-ல் நிறைவேறி 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துவிட்டது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்பது அதிலும் அப்படியே இருக்கிறது.

ஐம்பத்தைந்து வருடமாக இருந்த சட்டம் என் மேசைக்கு ஏன் வரவில்லை? ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் போக்குவரத்து நிறுவனத்துக்குத்தான் அந்தச் சட்டம். எங்கள் வெண்டரிடம் அறுபது வண்டிக்கு மேல் ஓடின. அவற்றில் பெரும்பாலானவை அட்டாச்டு வண்டிகள். வண்டிக்குச் சொந்தக்காரரே ஓட்டுகிறார், அவர் வெண்டரிடம் வேலை பார்க்கவில்லை, வெண்டருக்குச் சேவை வழங்குகிறார் என்று ஒப்பந்தம். கம்பெனிக்கு அவர் யாரோ. வெண்டருக்கு அவர் இன்னொரு முதலாளி. அறுபது முதலாளிகள், ஒரு தொழிலாளிகூட இல்லை! இப்படி ஒரு பொதுவுடைமை உலகில் எங்கும் இருக்காது.

அதன் பலன் ஆஸ்பத்திரியில் தெரிந்தது. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. வண்டிச் சொந்தக்காரருக்கான கட்டாய விபத்துக் காப்பீடும் இருந்தது, ஆனால் அது செத்தால் அல்லது நிரந்தர ஊனமானால்தான். எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொன்னதால் காசு கிடையாது. அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில், ஒப்பந்தக்காரர் வழியாக வேலை வாங்கினாலும் அது உன் தொழிலின் வழக்கமான பகுதியாக இருந்தால் நீதான் பொறுப்பு என்று 12-வது பிரிவு சொன்னது. நூறு வருடத்துக்கு முன்னாலேயே யாரோ இதை யோசித்திருக்கிறார்கள். அதற்கும் அவர் முதலில் யாருக்காவது தொழிலாளியாக இருக்க வேண்டும். அவரோ முதலாளி. மூன்று மாதம் ஊரில் படுத்திருந்தார், மாதம் பதிமூவாயிரம் இ.எம்.ஐ. மட்டும் தவறாமல் அவரைத் தேடி வந்தது.

சரி, அவர் ஏன் ஏர்போர்ட் டிரிப் அடித்தார்? இது நியாயமான கேள்வி. என் மேனேஜரும் இதைத்தான் கேட்டார். டிரிப்புக்கு இவ்வளவு என்று கொடுக்கும் இடத்தில், டீசல் போக, இ.எம்.ஐ. போக, வெண்டர் கமிஷன் போக, இரண்டு மாதம் கழித்து வரும் பில்லை நம்பி இருப்பவர், கையில் உடனே காசு தரும் டிரிப்பை விடமாட்டார். பேராசை என்று சொல்லலாம். நாங்கள் போட்ட ஒப்பந்தத்தில் பத்து நிமிடம் தாமதமானால் அந்த டிரிப்பின் காசு போச்சு என்று ஒரு வரி இருந்தது. தூங்காமல் வந்தால் என்ன என்று ஒரு வரி இல்லை. எதற்கு விலை வைக்கிறோமோ அதற்குத்தான் ஆட்கள் ஓடுவார்கள்.

தூங்கத்தான் எங்கே போவார்கள்? பேகூர் ரோட்டில் அவர் தங்கியிருந்த அறைக்கு ஒருமுறை அவருடைய பையை எடுத்துவரப் போனேன். மூன்றாவது மாடியில், மொட்டை மாடியிலேயே எழுப்பிய தகர ஷீட் அறை. ஆறு பேர், மூன்று பாய், முறை வைத்துப் படுப்பது. நான் போனது பகல் பதினொரு மணி. ஷீட்டின் சூடு தலையில் இறங்கியது. கீழே போர்வெல் லாரி ஒன்று தரையைத் துளைத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் மிக்சி. ஜன்னலுக்கு லுங்கி ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள், அதில் வெயில் ஊடுருவி அறை முழுக்கச் சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பில் இரண்டு பேர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு கிடந்தார்கள். ஒருவர் தூங்கவில்லை என்பது துண்டுக்கு அடியில் போன் வெளிச்சம் தெரிந்ததால் புரிந்தது. வெளிச்சமும் சத்தமும் இல்லாவிட்டாலும் பகல் தூக்கம் குட்டையானது. உடம்பின் கடிகாரம் பகலில் எழுப்பத்தான் பார்க்கும். அதே கடிகாரம் விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்துக்குள் ஆளை அமுக்கிவிடும். எங்கள் ரோஸ்டரில் அதிக வண்டி ஓடும் நேரங்களில் அதுவும் ஒன்று.

ரூமுக்குப் போக நேரமில்லாதவர்கள் வண்டியிலேயே படுப்பார்கள். டெக் பார்க்கை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் விடியற்காலை போய்ப் பார்த்தால் வரிசையாக மஞ்சள் போர்டு வண்டிகள், கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டு, சீட்டைச் சாய்த்து, ஸ்டியரிங்குக்கு மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு. ஏ.சி. போட்டால் டீசல், கண்ணாடியை இறக்கினால் கொசு. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை போலீஸ் வந்து லத்தியால் பானட்டைத் தட்டும். உள்ளே, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், ஊழியர்களுக்கு மெத்தை போட்ட ஓய்வறை இருந்தது, மசாஜ் நாற்காலிகூட இருந்தது. டிரைவர் ஒன்றுக்குப் போக கேட்டுக்குள் விடமாட்டார்கள். செக்யூரிட்டி பாலிசி.

விழித்திருக்க அவர்கள் செய்யும் வைத்தியங்கள் எனக்கு மனப்பாடம். சைக்கிளில் ஃபிளாஸ்க் கட்டிக்கொண்டு வருபவரிடம் டீ, வாயில் பாக்கு, பச்சை மிளகாயைக் கடிப்பது, முகத்தில் தண்ணீர், ஜன்னலைத் திறந்து தலையை நீட்டுவது, சத்தமாகப் பாட்டு. இதில் டீக்குக் கொஞ்சம் பலன் உண்டு, அதுவும் உள்ளே போய் இருபது நிமிடம் கழித்து. மிளகாய் நாக்கை எழுப்பும், மூளையை எழுப்பாது. இருபது நிமிடம் ஓரங்கட்டிப் படுப்பதுதான் உருப்படியான மருந்து, அதைத்தான் நான் போன் போட்டுக் கலைப்பேன்.

விபத்துக்குப் பிறகு ரோஸ்டர் எக்செல்லில் ஒரு பத்தி சேர்த்தேன். கடைசி லாகவுட் எப்போது. அதற்கும் அடுத்த பிக்கப்புக்கும் இடையே எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த வரி சிவப்பாகும்படி வைத்தேன். முதல் நாள் திறந்தபோது பாதித் தாள் சிவப்பு. இத்தனைக்கும் அது என் டிரிப்புகள் மட்டும், ஏர்போர்ட் கணக்கு அதில் இல்லை. மேனேஜரிடம் கொண்டுபோனேன். கெட்டவர் இல்லை அவர், ஆஸ்பத்திரி பில்லுக்குத் தன் பையிலிருந்து கொடுத்தவர். தாளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதை மெயில்ல போட்டுராதே" என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"போட்டா நமக்குத் தெரிஞ்சிருந்துதுன்னு ஆயிடும்."

பொறுப்பு என்பதைப் பற்றி அந்தக் கம்பெனியில் நான் படித்த பாடம் இந்த ஒரு வரிதான். தெரியாமல் இருப்பதற்காகவே ஒரு அமைப்பைக் கட்டியிருக்கிறோம். கம்பெனிக்கு வெண்டரைத் தெரியும், வெண்டருக்கு வண்டியைத் தெரியும், யாருக்கும் ஆளைத் தெரியாது. தெரிந்தால் ஏதாவது செய்ய வேண்டிவரும்.

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். எட்டு மணி நேரம் தூங்கினேன் என்று ஒவ்வொரு டிரைவரும் தினமும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். முதல் வாரம் தாள் வந்தது. 8, 8, 8, 8 என்று எல்லாம் ஒரே நீலப் பேனா, ஒரே கை. கையெழுத்துகள் மட்டும் கொஞ்சம் வளைத்து வளைத்துப் போடப்பட்டிருந்தன. ஊரில் படுத்துக்கொண்டிருந்த 4216-ம் எட்டு மணி நேரம் தூங்கியதாக அதில் இருந்தது. அது மட்டும் உண்மையாக இருந்திருக்கலாம்.

ஆஸ்திரேலியாவில் கனரக வாகனச் சட்டத்தில் பொறுப்புச் சங்கிலி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். லாரி டிரைவர் அயர்ந்து விபத்து நடந்தால், அவரை வேலைக்கு வைத்தவர், சரக்கு அனுப்பியவர், ஏற்றியவர் என்று வரிசையாக ஒவ்வொருவரும் தம் பங்குக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தவன் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். ஷெட்யூலர். டிரைவருக்கு நேரம் குறிப்பவன். நான். அங்கே என்றால், "சீக்கிரம்ணே, பெனால்டி" என்று சொன்ன அந்த போன் அழைப்புக்கும் கோர்ட்டில் ஒரு இடம் இருந்திருக்கும். லாரிக்குத்தான் அந்தச் சட்டம், காருக்கு இல்லை. ஆனாலும் எனக்கு அது குற்ற உணர்ச்சியைவிட ஒருவித நிம்மதியைத்தான் தந்தது. நான் செய்தது ஒரு செயல் என்று எங்கேயோ ஒரு நாட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

நம் ஊரிலும் இது புரியாமல் இல்லை. 2021-ல் அமைச்சர் நிதின் கட்கரியே, விமானிகளைப் போல லாரி டிரைவர்களுக்கும் ஓட்டும் நேரத்தை வரையறுக்க வேண்டும் என்றார். விமானிகளுக்கு அது எவ்வளவு கறாராக இருக்கிறது என்பதை 2025 டிசம்பரில் ஊரே பார்த்தது. வாராந்திர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்த்தி, இரவில் தரையிறக்கும் எண்ணிக்கையைக் குறைத்து விதி வந்தது. அதற்கேற்ப விமானிகளைத் திட்டமிடாத ஒரு பெரிய நிறுவனத்தின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. பெங்களூரு விமான நிலையத்தில் பெட்டிகள் மலைபோல் கிடந்தன. டிவியில் அதைப் பார்த்தபோது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அங்கே தவித்த அத்தனை பேரையும் ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்த டாக்ஸிக்காரர்களுக்கு அன்று எத்தனையாவது மணி நேரம்?

போன மாதம் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு போன் அடித்தது. திரையில் "4216 டிசையர்" என்று வந்தது. பெயர் மாற்றவே இல்லை நான். அந்த வண்டியை விற்று நாலைந்து வருடம் ஆகிறதாம். ஊரில் பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பெரிய பெண் கிருஷ்ணகிரியில் காலேஜ் சேர்ந்திருக்கிறாள், சின்னவளுக்கு அடுத்த வருடம். திரும்ப பெங்களூருக்கே வரலாம் என்று பார்க்கிறாராம். வண்டி ஒன்று செகண்ட் ஹேண்டில் பேசி வைத்திருக்கிறார்.

"நல்ல வெண்டர் யாராவது இருந்தா நம்பர் குடு தம்பி. நைட்டுதான் வேணும். பகல்ல இந்த டிராஃபிக்குல ஓட்டினா நாலு டிரிப்பு தேறாது."

தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மழை நாளில் குடைகிறது, மற்றபடி ஒன்றும் இல்லை என்றார்.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஒயிட்ஃபீல்டில் வெண்டர் வைத்திருக்கிறார், ஒழுங்கானவர். இறங்கி ஒன்பது மணி நேரம் ஆகாமல் அடுத்த டிரிப் ஏறாதபடி சாஃப்ட்வேரிலேயே பூட்டு வைத்திருக்கிறார்கள் அவர்களிடம். அதைச் சொல்லி, நம்பரை அனுப்புகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அந்தப் பூட்டு இல்லாத ஆளு யாரும் இல்லையா தம்பி?"

விசாரித்துச் சொல்கிறேன்ணே என்றேன். இன்னும் அனுப்பவில்லை, இரண்டு நம்பரையும்.